கடிக்கும் மருந்துக்கும் நடுவே: காக்ஸ் டவுனும் வெறிநாய்க்கடித் தடுப்பும்

1900ஆம் ஆண்டுக்கு முன் பெங்களூர்த் தண்டுப் பகுதியில் ஒருவரை வெறிநாய் கடித்தால், அவர் பிழைப்பதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. கப்பலேறிப் பாரிஸுக்குப் போக வேண்டும். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அங்கேதான் முதல் ஊசியைப் போடச் செய்தார். பட்டாளத்துச் சிப்பாய்கள் சிலரை அரசு தன் செலவில் அங்கே அனுப்பியதுண்டு. அவர்களுக்குச் சமைத்தவர்களுக்கும், குதிரைகளைப் பராமரித்தவர்களுக்கும், துணி வெளுத்தவர்களுக்கும் அந்தப் பயணம் கிட்டவில்லை. அப்படி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் அவை.

இந்த மலரின் மற்றப் பக்கங்களில் நம் பகுதியின் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் சந்தையும் இடம்பெறும். யாரும் விழா எடுக்காத ஒரு பொது ஏற்பாட்டின் வரலாற்றை நான் எழுத எடுத்துக்கொண்டேன். விலங்குக் கடியையும் வெறிநோயையும் கட்டுப்படுத்த நகராட்சியும் பிறகு மாநகராட்சியும் வகுத்த விதிகள், அவற்றுக்குத் துணைநின்ற மருத்துவ நிலையங்கள், நாய் வண்டி, ஊசி மேசை ஆகியவற்றின் கதை இது. விதிகள் எப்போதும் நாயைப் பற்றியே பேசின. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளில் மனித உயிரைக் காத்தது எது என்று பார்த்தால், கடிபட்ட இடத்துக்கும் மருந்துக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்ததுதான். அந்தத் தூரம் எப்படிக் குறைந்தது, இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது என்பதே என் அக்கறை.

1881இல் மைசூர் அரசு உடையார் வம்சத்துக்குத் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் தண்டுப் பகுதியை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டனர். அதற்கு சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷன் என்று பெயர். நகருக்கும் தண்டுக்கும் 1862 முதலே தனித்தனி நகராட்சிகள் இருந்தன. 1898இல் பிளேக் வந்து நெரிசலான தெருக்களில் பிணங்களைக் குவித்த பிறகு, காற்றும் வெளிச்சமும் வரும் புதிய குடியிருப்புகளை ஸ்டேஷன் நிர்வாகம் வடக்கிலும் கிழக்கிலும் விரித்தது. ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றின் வரிசையில், கலெக்டர் காக்ஸின் பெயரால் வந்தது நம் காக்ஸ் டவுன். பொதுச் சுகாதாரம்தான் இந்தப் பக்கத்து டவுன்களின் தாய். வெறிநாய்க்கடியைப் பற்றிய கட்டுரை இந்த மலரில் எதற்கு என்று கேட்பவருக்கு இதையே பதிலாகச் சொல்வேன்.

1900இல் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் இமயமலை அடிவாரக் கசௌலியில் திறக்கப்பட்டது. பாரிஸ் தூரம் கசௌலி தூரமாகச் சுருங்கியது. தென்னிந்தியருக்கு அதுவும் எட்டாத இடம். பல நாள் ரயிலில் போக வேண்டும். அதற்குள் நச்சுயிரி நரம்பின் வழியே மேலேறிக்கொண்டிருக்கும். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னாட்டில் வெறிநோயால் இறந்தார். பிரிட்டன் நாய்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டும் கப்பலில் வரும் விலங்குகளைத் தனிமைப்படுத்தியும் தன் தீவிலிருந்து இந்த நோயை ஒழித்ததும் அதே 1902இல்தான். அங்கே நோய் முடிந்த ஆண்டில் இங்கே நேர்ந்த ஒரு சாவு பெரிய இடங்களில் கேட்டது. ஆயிரக்கணக்கான இந்தியச் சாவுகள் கேட்காத இடத்தில் அந்த ஒன்று கேட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைசிராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதி மதராஸ் அரசுக்கு வந்தது. 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு அருகே, தென்னிந்திய பாஸ்டர் நிலையம் பிறந்தது.

காக்ஸ் டவுன்காரருக்கு இதனால் என்ன மாறியது? தண்டு ரயில் நிலையத்தில் ஏறி ஜோலார்பேட்டை, ஈரோடு வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து 1899 முதல் ஓடத் தொடங்கியிருந்த மலை ரயில். இரண்டு நாளுக்குள் குன்னூர் ஊசி மேசையில் கையை நீட்டலாம். ஏழைகளின் ரயில் கட்டணத்தை அரசோ உள்ளாட்சியோ ஏற்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. வெறிநாய்க்கடி தொடர்பாக ஏழையின் கைக்கு நேரடியாக வந்த முதல் பொது உதவி அந்த ரயில் சீட்டுதான் என்று நான் கருதுகிறேன். நாயைச் சுடுவதற்கும் அடைப்பதற்கும் ஆன விதிகளைவிட அது பல உயிர்களைக் காத்திருக்கும்.

அந்த விதிகளையும் பார்த்துவிடுவோம். ஸ்டேஷனுக்குத் தனி நகராட்சிச் சட்டம் இருந்தது. ஆயினும் பட்டாள ஊர்களின் பொதுவான பார்வை 1924ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டத்தில், நாய்களுக்கென்றே ஒதுக்கிய 119ஆம் பிரிவில், தெளிவாகத் தெரிகிறது. வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்ய வேண்டும். கழுத்துப் பட்டையில் உலோக வில்லை தொங்க வேண்டும். வில்லையில்லாத நாய் பொது இடத்தில் கண்டால் பிடித்து அடைக்கலாம். வெறிநோய் கொண்டதாகவோ, வெறிநாயால் கடிபட்டதாகவோ ஐயம் எழுந்தாலே கொல்ல உத்தரவிடலாம். தன் நாய்க்கு நோய் இருப்பதாக ஐயப்படும் உரிமையாளர் உடனே தகவல் தர வேண்டும், தவறினால் அபராதம். இந்த வில்லையையும் தகவல் கடமையையும் இன்று படித்தாலும் எனக்குக் குறை தெரியவில்லை. நாய்க்குத் தடுப்பூசி இல்லாத காலத்தில் அவ்வளவுதான் செய்ய முடிந்திருக்கும். ஆனால் வில்லை வாங்க வசதியுள்ளவரின் நாய் வாழ்ந்தது; தெருவிலேயே பிறந்து நாலு வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நம் தெருக்களில் இருந்தவை பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு புதிய ஊசி மருந்தை உருவாக்கினார். ஆட்டு மூளையில் நச்சுயிரியை வளர்த்துக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று செய்யும் மருந்து. இதன் பெரிய நன்மை, புட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேற வேண்டிய நிலை மாறி மருந்து மலையிறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மாவட்ட மருத்துவமனைகளிலும் பெருநகர மருத்துவமனைகளிலும் நாய்க்கடி ஊசி கிடைக்கத் தொடங்கியது. தண்டுக்காரர்களுக்கு சிவாஜிநகரின் பௌரிங் மருத்துவமனை எப்போதும் எட்டும் தொலைவு.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றைக்கும் நடமாடுகிறது. செம்பிள் ஊசி விட்டுச்சென்ற நினைவு அது. தினம் ஒன்றாக, வயிற்றுத் தோலுக்கடியில், நிறைய மருந்தாக ஏற்றுவார்கள், வலிக்கும், வீங்கும். ஆட்டு மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புக் கோளாறுகளும் வந்தன. ஏழாவது எட்டாவது ஊசியோடு நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். உலக சுகாதார நிறுவனம் இந்த வகை மருந்தைக் கைவிடும்படி நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. 2004ஆம் ஆண்டு முடிவோடுதான் இந்தியா அதை நிறுத்தியது. அத்தனை தாமதத்துக்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. மருந்து மாறி இருபது ஆண்டு கடந்தும், அந்த 14 ஊசிப் பயம் பாட்டியிடமிருந்து பேரனுக்கு இறங்கி, கடிபட்ட பிள்ளையை வாய் திறக்காமல் வைத்திருக்கிறது. இன்றைய ஊசி மேற்கையில் போடுவது, நாலைந்து முறைதான், காய்ச்சல் ஊசிக்கு மேல் வலியில்லை.

குன்னூரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1952 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் வெறிநோய் பற்றிய பன்னாட்டுப் பயிற்சியை அங்கே நடத்தியது. பல நாட்டு அறிஞர்கள் அந்தச் சிறு மலையூரில் கூடினார்கள். நெடுங்காலம் அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் வீரராகவன் வெறிநோய் ஆய்வில் உலகம் மதித்த பெயர். தமிழ் மண்ணின் அறிவியல் வரலாற்றில் இந்தப் பெயருக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் போதாது.

1947 ஜூலை 26 அன்று ஸ்டேஷன் மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் நகர நகராட்சியும் தண்டு நகராட்சியும் இணைந்து பெங்களூர் மாநகராட்சி ஆனது. கார்ப்பரேஷன் என்ற சொல் அன்று நம் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்தது. நாய் வண்டியும் கார்ப்பரேஷன் வண்டியே ஆயிற்று. அடுத்த அரை நூற்றாண்டு, இந்தியாவின் மற்ற நகரங்களைப் போலவே இங்கும் பிடித்துக் கொல்வதே கொள்கை. கம்பி வளையத்தோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள். தெருவில் பிள்ளைகள் தங்களுக்குப் பழகிய நாயை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் தெருநாய்களைக் கொலைக்கூடங்களில் அழிப்பதை வதையென்று கொள்ளாமல் விலக்கு அளித்திருந்தது.

இந்தக் கொள்கை ஏன் தோற்றது என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாய்களை ஒழித்துவிட்டால் கடியும் ஒழியும் என்ற எண்ணம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தலைதூக்குகிறது. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதை முடிவு செய்வது அந்தத் தெருவில் கிடைக்கும் தீனியும் ஒதுங்க இடமும். இருந்த நாய்களை அள்ளிக்கொண்டு போனால், அடுத்த தெருவிலிருந்து புதியவை வரும், எல்லைக்காகச் சண்டையிடும், மிஞ்சிய தீனியில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். வெறிநோய் தடுப்பூசி போட்ட நாயையும் போடாததையும் ஒன்றாகக் கொன்றால், நோய்க்கு அணையாக நின்றவையும் போய்விடும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு அந்த அளவைக் குறையாமல் காத்துவந்தால், நோய் நாய்க்கு நாய் தாவும் சங்கிலி அறுந்துவிடும். வெறுமனே நாய்களை அகற்றியதால் வெறிநோய் ஒழிந்த ஊர் என்று காட்ட உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்களால் முடியவில்லை. சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960கள் முதலே கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று சொல்லிவந்தது. சென்னை மாநகராட்சி அதற்குச் செவிசாய்க்க 1996 ஆயிற்று. இரண்டாயிரத்தை ஒட்டி பெங்களூரும் விலங்குநல அமைப்புகளோடு சேர்ந்து அந்த வழிக்கு வந்தது. 1991இல் தொடங்கப்பட்ட கூபா அவற்றில் ஒன்று.

2001 டிசம்பரில் மத்திய அரசின் நாய்க் கருத்தடை விதிகள் வந்தன. பிடித்த நாயைக் கொல்லக்கூடாது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சிறு வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் ஐயமுள்ள நாயை மாநகராட்சிக் கால்நடை மருத்துவரும் விலங்குநல அமைப்பின் ஒருவரும் பார்த்து உறுதி செய்தால், அதைத் தனியே அடைத்துவைக்க வேண்டும். தானாக இறக்கும்வரை கொல்லக்கூடாது. நோய் முற்றிய நாய் பொதுவாகப் பத்து நாளுக்குள் இறந்துவிடும். ஐயம் எழுந்த உடனே அடித்துக் கொன்றால் உண்மையில் எத்தனை நாய்க்கு நோய் இருந்தது என்ற கணக்கே கிடைக்காது என்பதையும் விதி சொல்கிறது. இந்தப் பகுதி பொதுமக்களிடம் கோபத்தைக் கிளப்பியது. என் பார்வையில் இந்திய உள்ளாட்சி விதிகளில் அறிவியலோடு மிகவும் ஒட்டி நின்றவற்றில் இதுவும் ஒன்று.

2007இன் தொடக்கத்தில் இந்த நகரம் கலங்கியது. அடுத்தடுத்து இரண்டு சிறு குழந்தைகள் தெருநாய்க் கூட்டங்களால் கொல்லப்பட்டனர். பெங்களூர் மாநகராட்சி விரிந்து பிருகத் பெங்களூர் மகாநகரப் பாலிகே ஆகிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. நகரெங்கும் நாய்வேட்டை நடந்தது. விதிகள் காற்றில் போயின. அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு முன் விதி பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாய்க்கூட்டம் குதறுவதும் வெறிநோயும் இரண்டு தனித்தனி ஆபத்துகள். முன்னதற்குக் குப்பையும் இறைச்சிக் கழிவும் வேர். பின்னதற்குத் தடுப்பூசியின்மை வேர். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, இரண்டுக்கும் மருந்தாக வேட்டையைத் தேர்ந்தெடுத்ததில் இரண்டுமே தீரவில்லை.

குப்பை என்றதும் நம் பகுதியை நாமே பார்க்க வேண்டும். சந்தையைச் சுற்றியும், ஜீவனஹள்ளிப் பக்கமும், டானரி ரோட்டு ஆட்டுத் தொட்டி நோக்கிப் போகும் வழியிலும் இறைச்சிக் கடைகள் அடர்ந்திருக்கின்றன. ஞாயிறு மாலை கடை சாத்தும் நேரத்தில் கழிவு மூட்டை எங்கே விழுகிறதோ அங்கே நாய்கள் கூடுகின்றன. இரவு ஷிஃப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் வருபவர்களைத் துரத்துவதும் அந்த மூலைகளில்தான். 2012இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டு நகரமே குப்பையில் மூழ்கியபோது இதை எல்லாரும் கண்டோம். கழிவு மூட்டை ஒழுங்காக ஏறும் தெருவில் நாய்கள் தாமே குறையும். இது கால்நடைப் பிரிவின் வேலைப்பட்டியலில் இல்லை. துப்புரவுப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. இரு பிரிவுகளும் ஒரே வார்டில் ஒரே மேசையில் உட்காராததுதான் நம் நிர்வாகத்தின் நெடுநாள் குறை.

குறை சொல்லும்போது நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2019 கணக்கெடுப்பில் நகரத் தெருநாய்கள் ஏறத்தாழ 3.1 லட்சம். 2023இல் 2,79,335. கருத்தடை ஆனவற்றின் பங்கு 51.16 விழுக்காட்டிலிருந்து 71.85 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. காதில் வெட்டு உள்ள நாய் இன்று நம் தெருக்களில் சாதாரணக் காட்சி. ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் விடியற்காலையில் வலையோடு ஓடிய ஆட்களும், அறுவை மேசையில் நின்ற கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நாய்நேயர்களிடமிருந்தும் நாயை வெறுப்பவர்களிடமிருந்தும் ஏச்சு வாங்குபவர்கள் அவர்களே. இந்த மலரின் நன்றிப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

நம் நகரத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. இங்கே வாழும் பலருக்கு அது தெரியாது. வெறிநோய் அறிவில் இந்தியாவின் முதன்மையான நகரங்களில் பெங்களூர் ஒன்று. கெம்பேகவுடா மருத்துவக் கல்லூரியின் நாய்க்கடிச் சிகிச்சைப் பிரிவு நாடு முழுமைக்கும் முன்மாதிரி. அங்கிருந்த டாக்டர் எம்.கே. சுதர்சன் முன்னின்று 1998இல் இந்திய வெறிநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினார். நிம்ஹான்ஸின் நரம்பு நச்சுயிரியல் துறை, வெறிநோய்க்கான உலக சுகாதார நிறுவனக் கூட்டுமையம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில், இறந்த விலங்கின் மூளையைச் சோதித்து நோயை உறுதி செய்யும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐயத்துக்குரிய நாயைக் கொன்று புதைக்காமல் அங்கே அனுப்பினால்தான், எந்தத் தெருவில் நோய் நடமாடுகிறது என்று மாநகராட்சிக்குத் தெரியும். அந்தத் தெருவைச் சுற்றி உடனே தடுப்பூசி போட முடியும்.

2006இல் தோலுக்குள் போடும் ஊசிமுறையை இந்தியா ஏற்றதிலும் பெங்களூர் மருத்துவர்களின் ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. தசையில் போட்டால் ஒருவருக்கு ஐந்து புட்டி வேண்டும். தோலுக்குள் போட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், மொத்தம் 0.8 மில்லி போதும். ஒரு புட்டியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஏழை நாட்டுக்கு இது பெரிய வரம். ஆனால் திறந்த புட்டியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அன்றாடம் பலர் வரும் பெரிய மருத்துவமனைக்கு அது எளிது. நாளுக்கு ஒருவர் வரும் சின்ன நிலையத்துக்குச் சிக்கல். அங்கே தசை ஊசியாகவே போடும்படி விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நாலு புட்டி மிச்சம் பிடிக்கப் போய், நோயாளியை நாளை வா என்று திருப்பி அனுப்பினால், அவர் நாளை வராமலே போகலாம்.

தூரம் இன்னும் குறையாத இடம் சீரம். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கும், வாய், கண் போன்ற ஈரச் சவ்வுகளில் எச்சில் பட்டதற்கும் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே நச்சுயிரியை மடக்க, இம்யூனோகுளோபுலின் என்னும் சீரத்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். குதிரைச் சீரம் என்றால் எடையில் கிலோவுக்கு 40 அலகு, மனிதச் சீரம் என்றால் 20. முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாள் கடந்துவிட்டால் பயனில்லை. முகத்திலும் கையிலும் கடிபட்ட குழந்தைக்கு இதுவே உயிர். தடுப்பூசி நடைதூரத்தில் கிடைக்கும் இந்நாளிலும் சீரத்துக்குப் பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது. தனியாரிடம் போனால் மனிதச் சீரத்தின் விலை கூலிக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022, 2023இல் நடத்திய ஆய்வு, நாட்டில் ஆண்டுக்கு 91 லட்சம் விலங்குக் கடிகள் என்றும், வெறிநோயால் 5,726 சாவுகள் என்றும் மதிப்பிட்டது. 2003இல் சுதர்சன் குழுவினரின் மதிப்பீடு 20,565. முறைகள் வேறானாலும் சரிவு உண்மையானது. அதே புதிய ஆய்வில் நாய்க்கடிபட்ட ஐவரில் ஒருவர் ஒரு தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. போடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவில்லை. சாவுகள் அந்த இடைவெளியிலிருந்து வருகின்றன. பழைய மெட்ராஸ் ரோட்டில், நமக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நோய் வெளிப்பட்டவர்களை நகரிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் அந்த நிலை வந்தபின் எந்த மருந்தும் இல்லை. அங்கே பணிசெய்தவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் வலி தணிப்பதும் பக்கத்தில் நிற்பதுமே.

இனி இன்றைய விதிகள். 2023 மார்ச்சில் கருத்தடை விதிகள் புதுப்பிக்கப்பட்டன. தெருநாய்க்குச் சோறிடுவதைத் தடைசெய்யாமல், அதற்கு இடமும் நேரமும் குறிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடம் அவை கொடுத்தன. பிள்ளைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவை விலக்கு. தகராறு வந்தால் தீர்க்கக் கால்நடை அலுவலர், காவல்துறை, விலங்குநல அமைப்பு, புகார் சொன்னவர், சங்கப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழு. நம்மைப் போன்ற சங்கங்களுக்குச் சட்டமே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் உட்கார்ந்த சங்கங்கள் மிகக் குறைவு. வளர்ப்பு நாய்களுக்கு, அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒன்று, தனி வீட்டுக்கு மூன்று என்று 2018இல் மாநகராட்சி கொண்டுவந்த உரிம விதி, எதிர்ப்பில் நின்றுபோனது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் போனதால் உரிமமே போயிற்று. எத்தனை நாய் என்பதை விட்டுவிட்டு, ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் கேட்கும் எளிய உரிமம் போதும்.

2025இல் உச்ச நீதிமன்றம் இதைக் கையிலெடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உத்தரவு, ஆகஸ்ட் 22 அன்று மாறியது. வெறிநோயோ அடங்காத மூர்க்கமோ உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் அதே இடத்தில் விடலாம் என்று ஆனது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கு ஆகிய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவு வந்தது. அதே மாதம் கர்நாடக அரசு, தெருநாய் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. இதற்குள் பாலிகேயும் கலைந்து, 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. வளாக நாய்களை எங்கே வைப்பது, அவற்றுக்கு யார் தீனி போடுவது, அவை போன இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வராமல் எப்படிப் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு அந்தப் புது அலுவலகங்கள் விடை தேட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கடித்த அந்த நிமிடம் வீட்டில் நடப்பது இருக்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி தடவுவது இன்னும் நடக்கிறது. அவை காயத்தை எரித்து நச்சுயிரியை உள்ளே தள்ளும். இந்த நச்சுயிரியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது பாதி மருத்துவம். பூனை பிராண்டினாலும் குரங்கு கடித்தாலும் இதே முறை. கட்டுப் போடக்கூடாது, தையல் கூடியவரை தள்ளிப் போட வேண்டும். கடித்தது வளர்ப்பு நாய், ஊசி போட்ட நாய் என்று சமாதானம் சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டே பத்து நாள் அந்த நாயைக் கவனிக்கலாம். அது நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். பிள்ளைகள் அடிக்குப் பயந்து மறைப்பார்கள். நாய் கடித்தது என்று சொல்லும் பிள்ளையை முதலில் அணைத்துக்கொள்ளுங்கள். நாயைச் சீண்டினாயா என்ற விசாரணை ஊசிக்குப் பிறகு இருக்கட்டும்.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் காக்ஸ் டவுன் சந்தைக்கு அருகே ஒரு முகாம் நடத்தும்படி விழாக் குழுவை இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வளர்ப்பு நாய் பூனைகளுக்கு ஊசி, தெருநாய்களுக்குக் கால்நடைப் பிரிவின் வண்டி, உரிமத்துக்கு ஒரு மேசை. கூடவே ஒரு நிரந்தரப் பலகை, தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும். அதில் பதினைந்து நிமிடம் சோப்பு, ஊசிக்குரிய நான்கு நாட்கள், சீரம் இருப்பு உள்ள அரசு மருத்துவமனையின் பெயரும் அது திறந்திருக்கும் நேரமும் எழுதப்பட வேண்டும். சீரம் தீர்ந்துபோன நாட்களில் அடுத்த இடத்தின் பெயரை எழுத, பலகையின் கீழே கரும்பலகையாக ஒரு முழம் விட்டுவைக்கலாம்.